வாங்கியவருக்குக் கேட்காத தட்டு

அந்த இசைத்தட்டு யாருக்குச் சொந்தமோ அவருக்கு மட்டும் கேட்காது. மற்ற எல்லோருக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும், பால் ஊற்ற வந்தவருக்குக் கேட்கும், வாசலில் வழி விசாரிக்க நின்றவருக்குக் கேட்கும், பரம விரோதிக்கும் கேட்கும். சொந்தக்காரர் காதில் மட்டும் ஊசி உரசும் சத்தம்கூட விழாது. காசு கொடுத்து வாங்கினாலும் சரி, அன்பளிப்பாக வந்தாலும் சரி, அப்பன் சொத்தாக வந்து சேர்ந்தாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. இப்படிப்பட்ட பொருளை எவனும் சீந்தமாட்டான் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. முதலில் ஒரு பழைய சைக்கிளின் விலைக்குப் போன தட்டு, கடைசியாக ஒரு மாடிவீட்டின் விலைக்குப் போனது. காரணம் ரொம்பச் சாதாரணம். ஒவ்வொருவரும் அதை அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டபின் தூக்கம் போயிற்று. விலை பேசினார்கள், வாங்கினார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து ஊசியை வைத்தார்கள். அதன்பிறகு என்ன ஆயிற்று என்பதை ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் ஒரு தனிச் சாதி. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விற்பவர் தட்டை ஒரு முறை முழுசாகப் போட்டுக் காட்டவேண்டும். வாங்குபவர் கண்ணை மூடிக் கேட்கவேண்டும். கேட்டு முடித்துக் கை கொடுத்தபின் அதில் குறை சொல்லக் கூடாது. சொன்னால் வாங்கினவனுக்குத்தான் காது சரியில்லை என்று ஆகிவிடும். காது சரியில்லை என்று பெயர் வாங்கிய சேகரிப்பாளர், கை நடுங்குகிறது என்று பெயர் வாங்கிய நாவிதரைப் போலத்தான். அப்புறம் ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார். ஆகவே தட்டு ஊமையாகச் சுற்றினாலும் அவர்கள் தலையை ஆட்டினார்கள், தொடையில் தாளம் போட்டார்கள், நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் அழுவதைப் பார்த்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழுத நண்பர்களில் ஒருவர் மறுநாள் வந்து அதிக விலை சொல்லுவார். சும்மா சொல்லக் கூடாது, அடுத்தவனைக் குழியில் தள்ளும்போது ஒருவர் முகத்திலும் ஒரு சலனம் இல்லை.

தட்டு பிறந்த கதை இதைவிடக் கேவலம். இசைத்தட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தட்டுகளைக் காகித உறைக்குள் போட்டு அடுக்கும் வேலையில் ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் பாட வேண்டிய பெரிய வித்வான் வரத் தாமதமாயிற்று. இயந்திரத்தைச் சரிபார்க்க ஏதாவது ஒரு குரல் வேண்டுமென்று ஒலிப்பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். எனக்குப் பாட்டெல்லாம் வராது என்று மறுத்தாள். "சும்மா டெஸ்ட்டுக்குத்தான். நீ பாடி முடிச்சதும் உன் கண்ணு முன்னாடியே உருக்கிடறேன்" என்றார் அவர். அவள் நம்பினாள். உறை போட்டுப் போட்டு வலி கண்ட தன் கட்டைவிரலைப் பற்றி, இந்தத் தட்டெல்லாம் யார் யார் வீட்டுக்குப் போகுமோ என்பதைப் பற்றி, வாய்க்கு வந்ததை ராகம் இழுத்துப் பாடினாள். நடுவில் நிறுத்தி, "போதுமா? இன்னும் பாடணுமா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் பாடு, ஊசி சரியா உக்காரல" என்றார் அவர். மறுபடி பாடினாள். அவ்வளவுதான் தட்டு. அந்தத் தட்டை அவர் உருக்கவில்லை. வேறு ஒரு தட்டை அவள் கண் முன்னால் உருக்கிவிட்டு, இதைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் சத்தம் இல்லை. இயந்திரத்தை மாற்றினார், ஊசியை மாற்றினார், காது வைத்தியரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார். அடுத்த அறையில் இருந்த நண்பர் வந்து, யாரப்பா அது, என் ஈரக்குலையைப் பிசைகிறாளே என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தட்டை ஒளித்து வைத்தார். ஆனால் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். ஏமாற்றியவர்தான், ஆனால் ஆசையும் இருந்தது, இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? அவள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் பாடவில்லை. பாடச் சொன்னால் கட்டைவிரல் வலிக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வீடு வெறிச்சென்று ஆனபின் அவர் தட்டை எடுத்துப் போட்டார். அது சுற்றியது, அவ்வளவுதான். செத்துப்போன பெண்டாட்டி எதிரில் வாயைத் திறந்து பாட, அதைக் கேட்கக் கொடுத்துவைக்காத பாவி ஆனார். ஆகவே ஒரு வக்கீலுக்கு விற்று, வாரம் ஒரு முறை வக்கீல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். வக்கீலுக்கு ஏன் தட்டு கேட்கவில்லை என்பதை அவர் வக்கீலிடம் சொல்லவில்லை. மகளிடம் தட்டைப் பற்றியே சொல்லவில்லை.

வக்கீல் அதை நான்கு நண்பர்கள் கூட்டாக வாங்கும்படி செய்தார். அந்த நான்கு பேருக்கும் தட்டில் முக்கால் பங்கு கேட்டது. கால் பங்கு கேட்கவில்லை. ஒருவருக்குத் தொடக்கம் போயிற்று, ஒருவருக்கு முடிவு போயிற்று. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு, "போதுமா?" என்று அவள் கேட்கும் அந்த இடம் போயிற்று. மற்ற மூவரும் அந்த இடம் வரும்போது மூக்கை உறிஞ்ச, நீதிபதி மட்டும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். பங்கு பிரித்ததில் மோசடி என்று பேச்சு வளர்ந்து, நாற்பது வருஷச் சிநேகிதம் நாறிப்போயிற்று. உண்மையில் அந்த இடத்துக்குத்தான் அத்தனை விலையும். பணக்காரனைப் பார்த்துப் போதுமா என்று கேட்க யாரும் இருப்பதில்லை. அப்படிக் கேட்க ஆள் இல்லாததால்தானே அவன் பணக்காரன் ஆனான். அந்தக் குரல் தன்னைத்தான் கேட்கிறது என்று கேட்ட ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நால்வரும் சண்டை போட்டு விற்றதை ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாங்கினார்.

குழந்தை வளர்ந்து பல்செட் செய்பவள் ஆனாள். வாயில் மாவு வைத்து அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிக் கிழவர்கள் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். தட்டு சேகரிப்பவர்கள் எல்லோரும் கிழவர்கள் என்பதால், அவள் அந்த வீடுகளுக்கு என்றைக்காவது போய்த்தான் ஆகவேண்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு மேல்தாடைப் பல்லை மாட்டிக் கடித்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் பெருமைக்காகத் தட்டைப் போட்டார். நல்ல குரல் என்று நினைத்தபடி அரத்தால் பல்லின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போதுமா? இன்னும் பாடணுமா?" என்று கேட்டது குரல். "இன்னும் கொஞ்சம் பாடு, ஊசி சரியா உக்காரல" என்று பதில் சொன்னது அவள் அப்பா. அரம் கையைக் கிழித்தது. அப்பாவின் குரல் இளமையாக இருந்தது, ஆனால் அவள் தினமும் சோறு போடும் மனிதரின் குரல் அவளுக்குத் தெரியாதா? அம்மா உறை போடும் வேலை பார்த்தவள் என்பதும் தெரியும், அப்படியானால் உறையைப் பற்றிப் பாடிவிட்டு அவரிடம் கேட்டவள் யார் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. அம்மாவின் முகத்துக்கு ஒரு மங்கிய புகைப்படம் இருந்தது, குரலுக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் இத்தனை வருஷம் இருந்தாள். அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்று, இன்னொருவர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்தார்.

"ஏம்பா சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அது நம்ம கையில இல்ல."

"நான் வாங்கறேன்."

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாங்காதே, வாங்கினால் உனக்குக் கேட்காது என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. வக்கீல் வீட்டுப் போக்குவரத்து நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அவள் வாங்கினால் தட்டு அவர் இருக்கும் வீட்டுக்கு வரும், தினமும் கேட்கும். "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார். பெற்ற மகளை இப்படிச் செய்யலாமா என்று இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். அவர் செய்தார்.

அவள் பல் வேகவைக்கும் பெரிய அடுப்பை விற்றாள், காதில் கிடந்ததை விற்றாள், வீட்டை விரிவாக்கச் சேர்த்ததை எடுத்தாள். கணவர் ஒன்றும் தடுக்கவில்லை. அவர் கடைகளில் எடைக்கல்லும் தராசும் சோதித்து முத்திரை போடும் அதிகாரி. தராசு என்றே அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு கடுகளவு எடை குறைந்தாலும் கடையை இழுத்துப் பூட்டச் சொல்லுவார். வீட்டிலும் அப்படித்தான், ரொட்டியைப் பிட்டால்கூட இரண்டு துண்டையும் கையில் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். ஜவுளிக்கடைக்காரர் முகம் மாறாமல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். தட்டு வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் ஊசியை வைத்தாள். தட்டு சுற்ற ஆரம்பித்ததுமே அப்பாவின் தோள்கள் குலுங்கின. தராசு வாயைப் பிளந்துகொண்டு, அடடா, அடடா என்றார். அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. தெருவில் போன வண்டியின் மணிச் சத்தம் கேட்டது, கணவர் மூச்சு விடுவது கேட்டது, அம்மா கேட்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது பழமொழி. இது கைக்கு வந்ததாலேயே காதுக்கு எட்டாமல் போனது. பாட்டு முடிந்தபின் அப்பா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் அவரை அடிக்கப் போய், கை பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

தராசுதான் வழி சொன்னார். "அத எனக்கு வித்துடு. ஒத்தக் காசு போதும். எனக்குக் கேக்கலன்னா என்ன? கேக்க வேண்டியது நீதானே." இதைக் கேட்டு அவள் அவர் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அவர் நீட்டிய ஒற்றைக் காசை வாங்கினாள், தட்டு அவருடையது ஆயிற்று. அன்றுதான் அம்மாவின் குரலை முழுசாகக் கேட்டாள். கட்டைவிரல் வலியைப் பற்றிய வரி வந்தபோது தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். மெழுகு பிசைந்து பிசைந்து அவளுக்கும் அங்கேதான் வலிக்கும். சில மாதங்கள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. வேலை முடிந்து வருவாள், கை கழுவுவாள், தராசு தட்டைப் போடுவார். அவளும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் கேட்பார்கள். தராசு நடுவில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். இவர் அதை ஒரே ஒரு முறை, தட்டு அவளுடையதாக இருந்த அந்த முதல் நாளில் கேட்டிருந்தார். அந்த ஒரு முறைதான் வினை. கேட்காமலே இருந்தவனுக்கு ஏக்கம் இல்லை, கேட்டவனுக்குத்தான்.

இந்தச் சமயத்தில் குடைக் கம்பெனி முதலாளி தட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். ஊரில் மழை பெய்தால் அவருக்கு லாபம், வெயில் அடித்தாலும் அவருக்கு லாபம். அவள் ஒரு கிழவருக்குப் பல் மாட்டப் போயிருந்த பகல் வேளையில் வந்து உட்கார்ந்து, தட்டைக் கேட்டு, கண்ணைத் துடைத்து, ஒரு மாடிவீட்டு விலையைச் சொன்னார். தராசு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஞாயிற்றுக்கிழமைதோறும் தாங்கள் மூவரும் அவர் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். முதலாளி தாராளமாக வாருங்கள் என்றார். எடை குறைந்தால் கடையைப் பூட்டுகிறவர், வாங்குகிறவருக்குத் தட்டு கேட்காது என்பதை அன்று சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவள் வந்து பார்த்தபோது தட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. தராசின் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, அதுதான் கொடுமை. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி நின்றார்.

"இனிமே மூணு பேருக்கும் சமமா கேக்கும். பணமும் வந்தாச்சு. உன் அடுப்ப மீட்டுக்கலாம்" என்றார்.

"என்னக் கேட்டீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் அழுது சிரிச்சுக் கேக்கறப்ப நான் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாளாவது என்ன நெனச்சியா?"

"ஒத்தக் காசத் திருப்பிக் குடுத்துட்டு, ஒரு நாள் நான் வெச்சுக்கறேன், நீங்க கேளுங்கன்னு சொல்லியிருப்பேனே. வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்கும் அந்த நிமிடம்தான் தோன்றியது. அதனால் கோபம் இரண்டு மடங்கு ஆயிற்று. அப்பா ஏமாற்றியது அவளுக்குப் பழைய புண். அப்பாவை நம்பக் கூடாது என்று தெரிந்துதான் இவரிடம் கொடுத்தாள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனபோது குடை முதலாளி வீட்டுக் காவல்காரர் ஐயா இல்லை என்றார். அடுத்த ஞாயிறும் இல்லை. உள்ளே மாடியில் ஐயாவின் தலை தெரிந்தது. தட்டு தனக்குக் கேட்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்று அவர் நடுங்கிப்போயிருந்தார், ஆகவே மனுஷரையே உள்ளே விடவில்லை. மூன்றாம் ஞாயிறு அவள் மட்டும் போகவில்லை. துணிகளையும் பல் அடுக்கும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

அவள் போனது குடை முதலாளி வீட்டுக்கு நேர் எதிரே, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கு. காரணம் இருந்தது. தட்டு ஊமையாக இருப்பதற்கு இயந்திரம்தான் காரணம் என்று முடிவுகட்டிய முதலாளி, பெரிய இயந்திரம் வாங்கினார், அதைவிடப் பெரிய ஒலிபெருக்கி வாங்கினார், ஈரப்பதத்தால் இருக்குமோ என்று எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார். சத்தத்தை எவ்வளவு கூட்டியும் அவருக்குக் கேட்கவில்லை, ஆகவே இன்னும் கூட்டினார். தினமும் மாலையில் நான்கு தெருவுக்கும் அந்தக் குரல் இலவசமாகக் கேட்டது. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். இரண்டாம் வாரம் அந்த நேரத்துக்குச் சைக்கிள் கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். மூன்றாம் மாதம் அந்தத் தெருவில் வாடகை ஏறிற்று. முதலாளிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே!

அப்பா ஒரு முக்காலியை எடுத்துவந்து சைக்கிள் கடை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். தராசு எதிர்ச்சாரியில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றார். இப்போது தட்டு அவருடையது இல்லை, ஆகவே அவருக்கும் நன்றாகக் கேட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜன்னலை அறைந்து சாத்தினால் அவளுக்கும் கேட்காமல் போகும் என்பதால் திறந்தே வைத்தாள். கண்ணீர் வழிய நிற்கும் கணவரைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை தண்ணீரை மேலிருந்து ஊற்றினாள். அவர் துடைத்துக்கொண்டு நின்றார். மழைக்காலத்தில் ஒரு மாலை, தட்டில் தன் குரல் வந்து ஓய்ந்தபின், அப்பா முக்காலியிலேயே கண்ணை மூடிவிட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது. காரியங்கள் எல்லாம் அவளே செய்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல் நெஞ்சக்காரி என்று பேசினார்கள். மறுநாள் தட்டு போட்டபோது, "இன்னும் கொஞ்சம் பாடு" என்று அப்பா சொன்னதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பாதி கோபம்தான். செத்த பிறகும் தினமும் வந்து பேசுகிற மனிதரிடம் பேசாமல் இருப்பது எப்படி?

குடை முதலாளிக்கு ஒருநாள் கடைசிப் பல்லும் விழுந்தது. எதிர் மாடியில் இருப்பவள் நன்றாகச் செய்வாள் என்று சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினார்கள். காவல்காரர் முதன்முறையாக அவளுக்குக் கதவைத் திறந்தார். முதலாளியை நாற்காலியில் சாய்த்து, அச்சு மாவைக் குழைத்து, வாய் நிறைய வைத்து, மாவு இறுகும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது என்றாள். மாலை ஆகியிருந்ததால் வேலைக்காரர் வழக்கப்படி தட்டைப் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவு கிட்டத்தில், சுவர் அதிர அம்மா பாடினாள். தாடையைப் பிடித்திருந்த பெண்ணின் உதடுகள் அசைவதை முதலாளி பார்த்தார். அவள் கண்ணீர் அவர் மேல் சொட்டுவதைப் பார்த்தார். ஏதோ ஓர் இடத்தில் அவள் நிமிர்ந்து, யாரோ கேள்வி கேட்டது போலத் தலையசைப்பதையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. எழுந்து கத்தலாம் என்றால் வாயில் மாவு. மாடிவீட்டு விலை கொடுத்தவர் ஒன்றும் சொல்ல முடியாமல், கண் பிதுங்க, மாவு இறுகுவதற்குக் காத்திருந்தார்.

மாவை எடுத்ததும் பொக்கை வாயால் கேட்டார். "உனக்குக் கேக்குதா?"

"தெருவுக்கே கேக்குதுங்க."

"எனக்கு மட்டுந்தானா கேக்கல?"

"ஆமாங்க. வாங்கினவங்களுக்குக் கேக்காது."

அவர் வாயோரத்து மாவைத் துடைத்தார். தராசைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார், பிறகு வேண்டாம் என்றார், பிறகு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். பாடுவது யார் என்று விசாரித்து, அவள் சொல்ல, தட்டைக் கழற்றி அவள் கையில் நீட்டினார். சும்மாவே எடுத்துக்கொள் என்றார். அவள் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றாள். "எனக்கு வேணாங்க. கொடுக்கறதா இருந்தா என் வீட்டுக்காரருக்குக் கொடுங்க. அவர் பேருக்கே இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே ஆயிற்று. விளக்குக் கம்பத்தடியில் நின்றவரைக் கூப்பிட்டு முதலாளி தட்டைக் கொடுத்தார். அதைத் தொட்ட கணத்திலிருந்து தராசுக்கு அந்தப் பாட்டு இல்லை என்று ஆயிற்று. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அவள் பல்பெட்டியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள், அவர் பின்னால் தட்டைச் சுமந்து வந்தார். முதலாளி விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாங்கியவருக்குக் கேட்காத தட்டு என்று தெரிந்ததும் அதன் விலை தரைமட்டம் ஆகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அங்கேதான் தப்பு. விலை இரண்டு பங்காயிற்று. கேட்கிற தட்டு ஆயிரம் இருக்கிறது, கேட்காத தட்டு இது ஒன்றுதானே என்றார்கள் சேகரிப்பவர்கள். அவர்களில் ஒருவரும் பாட்டுக்காக வாங்குகிறவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் வெட்டவெளிச்சம் ஆயிற்று. குடை முதலாளி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப் பல்லோடு வந்து கூடத்தில் உட்காருகிறார். அவர் மாதிரிக் கதவைச் சாத்த அவளுக்கு வரவில்லை. "போதுமான்னு என்னத்தானே கேக்கறா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஆமாங்க என்று சொல்லிவிடுவாள்.

இப்போது தினமும் மாலையில் அவள் கை கழுவி வந்து உட்கார, தராசு தட்டைப் போடுகிறார். அவருக்கு ஒன்றும் கேட்காது; அவள் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார், முகம் அடங்கியதும் ஊசியைத் தூக்குகிறார். மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். வாரத்துக்கு ஒரு காராவது வாசலில் வந்து நிற்கிறது. வந்தவர் விலை சொல்லும்போது, பின்னறையில் மெழுகில் பல் அடுக்கும் அவள் கை நின்றுவிடும். விற்பதாக இல்லை என்று தராசு சொல்வது கேட்டபின்தான் அடுத்த பல்லை எடுப்பாள். இதுவரை அவர் விற்கவில்லை. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறைக்கு அவள் இன்னும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறாள்.